இன்ஹேலர் பயனளிக்காதபோது எழ வேண்டிய கேள்வி

ஓட்டப் பந்தயத்தின் நடுவே பிள்ளைக்கு மூச்சுத் திணறுகிறது. தொண்டையிலிருந்து கீச்சென்று ஒலி எழுகிறது. பெற்றோர் பதறிப்போய் இன்ஹேலரைக் கொடுக்கின்றனர். ஐந்து நிமிடங்களில் மூச்சு சீராகிறது. மருந்து பலித்தது என்று அனைவரும் ஆறுதல் அடைகிறோம். ஆனால் மருந்தினால் சீரானதா, ஓட்டம் நின்றதனால் சீரானதா? இக்கேள்வியைக் குடும்பத்தினர் கேட்கத் தயங்கலாகாது என்பதே என் கருத்து.

குரல்நாண்கள் பேசுவதற்கு மட்டும் அமைந்தவை அல்ல. மூச்சுப் பாதையின் வாயிற்கதவுகளும் அவையே. ஓடும்போது அவை அகலத் திறந்திருக்க வேண்டும். சிலருக்கு அவையோ, அவற்றுக்கு மேலுள்ள திசுக்களோ உட்புறமாக இழுபட்டுக் காற்று செல்லும் வழியைக் குறுக்கிவிடுகின்றன. ஓய்வெடுத்தால் வழி மீண்டும் திறந்துகொள்கிறது. ஆகவே மருத்துவர் முன் அமைதியாக அமர்ந்திருக்கும் வேளையில் குறை ஏதும் புலப்படாமல் போகலாம்.

ஆஸ்துமா சிகிச்சைக்குக் கட்டுப்படாத ஐவரிடம் குரல்நாண் கோளாறு இருந்ததை 1983-இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினர். 2006-இல் நார்வேயின் பெர்கன் நகர ஆய்வாளர்கள், ஒருவர் டிரெட்மில்லில் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூக்கின் வழியே மெல்லிய எண்டோஸ்கோப்பைச் செலுத்திக் குரல்வளையைக் காணும் முறையை வெளியிட்டனர். அதன்பின் கோபன்ஹேகனில் 14 முதல் 24 வயதினரிடம் நடந்த ஆய்வு, ஏறத்தாழ 7.5 விழுக்காட்டினருக்கு இக்கோளாறு இருக்கக்கூடும் எனக் கணித்தது. இது அரிய நோய் அன்று என்பது இதனால் விளங்கும்.

இந்த ஆராய்ச்சி நமக்கு உணர்த்துவது ஒன்றே: திணறல் நிகழும் கணத்தைக் காண வேண்டும். அக்கணத்தில் உடனிருப்பவர் மருத்துவர் அல்லர், நீங்களே. மூச்சை உள்ளிழுக்கும்போது திணறுகிறதா, வெளிவிடும்போதா? இறுக்கம் தொண்டையிலா, மார்பிலா? கடும் ஓட்டத்தின் உச்சத்தில் தோன்றி, நின்றவுடன் தணிகிறதா? குரல்வளைக் கோளாறு பெரும்பாலும் இவ்வாறே தணியும். உடற்பயிற்சியால் வரும் ஆஸ்துமாவோ, பயிற்சி முடிந்த பின்னரே மிகுவதுண்டு. இயன்றால் கைப்பேசியில் காணொளி எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். ஆஸ்துமாவும் இக்கோளாறும் ஒருவருக்கே சேர்ந்து இருக்கலாம். ஆதலால் மருந்தைத் தாமாக நிறுத்துவதும் கூட்டுவதும் தவறு. ஓய்வெடுத்தும் திணறல் தணியாவிட்டாலோ, உதடுகள் நீலம் பாய்ந்தாலோ உடனே அவசரப் பிரிவுக்கு வர வேண்டும்.

மருந்து பலிக்காதபோது, "பயம்", "சோம்பல்", "நடிப்பு" என்று பிள்ளையின் மீதே பழி விழுகிறது. விளையாட்டில் ஆர்வமுள்ள வளரிளம் பெண்கள் பலர் இப்பழியைச் சுமந்தே மைதானத்தை விட்டு விலகுகின்றனர். உண்மையில், பேச்சுப் பயிற்சியாளரும் இயன்முறை மருத்துவரும் கற்றுத்தரும் மூச்சுப் பயிற்சிகளால் பலர் நலம் பெறுகின்றனர். அறுவை சிகிச்சை வெகு சிலருக்கே தேவைப்படுகிறது.

அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது தயங்காமல் கேளுங்கள்: "இது குரல்வளையிலிருந்து வருவதாக இருக்கலாமா?" பிள்ளையின் சொல்லை நம்புவதே சரியான சிகிச்சைக்கு முதற்படி.