செய்நிரல்மொழி எவர் உடைமை?

கணனி விஞ்ஞான பீடத்தின் சொத்து, இலக்கணம் கலைப்பீடத்தின் சொத்து என்னும் பாகுபாடு பல்கலைக்கழக வாழ்விலே எழுதாச் சட்டமாக நிலைபெற்றுள்ளது. இதனை விஞ்ஞான பீடத்தினர் பெருமையுடனும் கலைப்பீடத்தினர் நிம்மதியுடனும் ஏற்றுக்கொண்டுள்ளனர். இரு சாராருக்கும் வசதியான இவ்வேற்பாடு வரலாற்றுக்கு முரணானது. இதனால் இழப்புறுவோரோ தமிழ்மொழி மூலம் கற்கும் மாணவராவர்.

கணனிக்கு ஆங்கிலம் இயல்பானது என்பதே இப்பாகுபாட்டின் அடிப்படை நம்பிக்கை. பொறியோ இருநிலைக் குறிகளையன்றி வேறெம்மொழியையும் அறியாது. 1950களின் நடுப்பகுதியில் அமெரிக்கரான கிரேஸ் ஹொப்பர், ஒரே செய்நிரலை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஜேர்மனிலும் எழுதி இயக்கலாம் எனத் தம் நிறுவன மேலாளருக்குக் காட்டினார். அமெரிக்கக் கணனியொன்று அந்நிய மொழியை விளங்கிக்கொள்ளுமா என அவர்கள் திகைத்தனர். ஆங்கிலத்தோடு மட்டும் நின்றுகொள்வதாக அவர் உறுதி கூறவேண்டியதாயிற்று. இதனை 1978 இல் அவரே நினைவுகூர்ந்துள்ளார். தடை பொறியிலிருந்து எழவில்லை. மேலாளர் மேசையிலிருந்தே எழுந்தது.

புதிய செய்நிரல்மொழியை அடியிலிருந்து ஆக்குதல் எத்தகைய பணி? முதலில் எழுத்துத் தொடரைச் சொற்களாகப் பிரித்தல் வேண்டும். அடுத்து, சொற்கள் எம்முறையில் தொடராகும் என விதித்தல் வேண்டும். பின்னர் ஒவ்வொரு தொடருக்கும் ஒரு பொருளை வரையறுத்து, அதனைப் பொறியின் குறிகளாகப் பெயர்த்தல் வேண்டும். 10 - 4 - 3 என்பதன் விடை 3 ஆ, 9 ஆ என்பதனைக் கூடப் பொறி தானாக அறியாது. இடமிருந்து கொள்வதா, வலமிருந்து கொள்வதா என மொழியை ஆக்குவோனே தீர்மானிக்கின்றான். இது மின்னியல் வினாவன்று, இலக்கண வினா.

வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. 1957 இல் வெளிவந்த போட்ரான் மொழியின் முதலாவது தொகுப்பானை ஆக்குவதற்கு ஏறத்தாழ 18 ஆள்-ஆண்டு உழைப்புத் தேவைப்பட்டது. இன்று பட்டப்படிப்பு மாணவர் ஒரு பருவத்துள் சிறு மொழியொன்றுக்கான தொகுப்பானை ஆக்குகின்றனர். இம்மாற்றத்தின் முதன்மைக் காரணங்களுள் ஒன்று, மொழியின் தொடரமைப்பை விதிகளால் வரையறுக்கும் முறை கைவந்தமையாகும். மொழியியலாளர் நோம் சொம்ஸ்கி 1956 இல் இலக்கண வகைகளை வரிசைப்படுத்தினார். ஏறக்குறைய அதே வடிவிலான விதிமுறையை ஜோன் பக்கஸ் 1959 இல் முன்வைத்தார். பீற்றர் நோர் 1960 இல் அல்கோல் மொழியின் அறிக்கையில் அதனைச் செம்மைப்படுத்திக் கையாண்டார். அம்முறைக்குப் பாணினியின் பெயரையும் சேர்க்கவேண்டும் என 1967 இல் கணனித்துறை ஆய்வாளரான இங்கர்மன் வாதிட்டார்.

இதனினும் கூர்மையான சான்று சாள்ஸ் ஹம்பிளின் ஆவார். தருக்கப் போலிகள் பற்றிய நூலால் அறியப்பட்ட இவ்வவுஸ்திரேலிய மெய்யியலாளர், 1957 இல் ஜோர்ஜ் என்னும் செய்நிரல்மொழியை வகுத்தார். அதிலே எண்கள் முன்னும் வினைக்குறி பின்னுமாக நின்றன. 3, 4 என்பன அடுக்கொன்றிலே வைக்கப்பட்ட பின்னரே கூட்டற்குறி வரும். “மூன்றையும் நான்கையும் கூட்டு” என்னும் தமிழ்த்தொடரின் ஒழுங்கும் இதுவன்றோ? வினை இறுதியில் வரும் ஒழுங்கு கணனிக்கு ஒவ்வாதது என்போர் இதற்கு விடை கூறவேண்டும்.

இவ்வுண்மையை வீண்பெருமைக்கு உரமாக்குதல் மற்றொரு தவறாகும். எழுத்து, சொல், பொருள் என்ற பகுப்பைக் காட்டித் தொல்காப்பியரே கணனிமொழிக்கு வித்திட்டார் என மேடைகளில் முழங்குவோர் உளர். பொருளதிகாரம் அகத்தையும் புறத்தையும் செய்யுளையும் பேசுவது. செய்நிரலின் பொருளைப் பேசுவதன்று. பழம்பெருமை எந்தத் தொகுப்பானையும் இதுவரை ஆக்கித் தந்ததில்லை.

ஆங்கிலக் கட்டளைச் சொற்களை அகராதி கொண்டு மாற்றிவிட்டுத் தமிழ்ச் செய்நிரல்மொழி பிறந்துவிட்டது என்பதும் இதன்பாற்படும். ஆங்கிலத்தில் நிபந்தனைச் சொல் தொடரின் முதலில் நிற்கும். தமிழில் “வயது 18 இற்குக் குறைவு எனின்” என ஈற்றில் நிற்கும். “எனின்” என்பதை முதலில் வைத்து எழுதுவது தமிழுமன்று, ஆங்கிலமுமன்று. 2007 ஆம் ஆண்டளவில் தொடங்கப்பெற்ற எழில் என்னும் மொழி இதனை உணர்ந்து, நிபந்தனையை முன்னும் “ஆனால்” என்ற சொல்லைப் பின்னும் வைத்தது. பாராட்டுக்குரிய முயற்சியே. ஆயினும் “பதிப்பி” என்ற வினை அங்கும் தொடரின் முதலிலேயே நிற்கின்றது. பாதி வழி கடக்கப்பட்டுள்ளது. மீதி வழி காத்திருக்கின்றது.

அம்மீதி வழி எளிதன்று. “மரம்” என மாறியொன்றுக்குப் பெயரிட்டால், வேற்றுமை ஏற்கும்போது அது “மரத்தை” என்றாகும். இரண்டும் ஒன்றே எனத் தொகுப்பானுக்கு உணர்த்துவது எங்ஙனம்? உருபுகளை விலக்குவதா, பிரித்தெழுதச் செய்வதா, சாரியை விதிகளையே தொகுப்பானுக்குக் கற்பிப்பதா? ஒருங்குறியில் “கொ” என்ற எழுத்தை இருவகைக் குறித்தொடர்களால் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரு பெயர்களை, முன்னரே ஒருமைப்படுத்தாவிடின் பொறி வேறெனக் கொள்ளும். இவ்வினாக்களைத் தனியொரு பீடம் தீர்க்க இயலாது. தொகுப்பானை அறிந்தோர் புணர்ச்சியை அறியார்; புணர்ச்சியை அறிந்தோர் தொகுப்பான் என்றதும் எழுந்து செல்கின்றனர்.

உலகத் தொழிற்சந்தை ஆங்கிலத்தில் இயங்குகையில் இம்முயற்சி எதற்கு என வினவப்படலாம். தொழிலுக்கு ஆங்கிலம் வேண்டும் என்பதை மறுப்பார் இலர். ஆனால் தொழில் புரிதல் வேறு, சிந்திக்கக் கற்றல் வேறு. இலங்கையில் உயர்தர வகுப்பு மாணவன் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைத் தமிழில் படிக்கின்றான். செய்நிரலைப் பைதனில் எழுதுகின்றான். 2008 இல் வெளிவந்த அம்மொழியின் மூன்றாம் பதிப்பு மாறிகளுக்குத் தமிழ்ப்பெயர் சூட்டவும் இடமளிக்கின்றது. ஆயினும் அவன் பிழைவிட்டதும் பொறி ஆங்கிலத்திலேயே கடிந்துகொள்கின்றது. எங்கே தவறினான் என்பதை அறியவேண்டிய அக்கணத்திலேதான் அவன் மொழி அவனைக் கைவிடுகின்றது. தருக்கத்திலே தவறினானா, ஆங்கிலத்திலே தவறினானா என அறியாத மாணவன், தனக்கு அறிவு போதாதென முடிவுகட்டுகின்றான். பிழையைத் தமிழில் எடுத்துரைத்துத் திருத்தும் வழியையும் காட்டும் சிறுமொழியொன்று அவனுக்குப் போதும். அங்கு கற்ற தருக்கத்தை அவன் எம்மொழிக்கும் எடுத்துச் செல்வான்.

எனவே வேண்டப்படுவது விழாவுமன்று, தீர்மானமுமன்று. தமிழ்த்துறையும் மொழியியல்துறையும் கணனித்துறையும் ஒரு மேசையில் அமர்ந்து, நூறு விதிகளுக்கு மேற்படாத மொழியொன்றை வகுத்து, அதனை வகுப்பறையிலே சோதித்துப் பார்த்தல் வேண்டும். அம்முயற்சி தோற்கலாம். தோற்றால் எவ்விதியால் தோற்றது என்பதாவது எழுதிவைக்கப்படும். முயலாமல் இருப்போருக்கு அவ்வறிவும் கிட்டாது.