தாத்தா மேல் பழி வேண்டாம்

மத்தியானம் மூன்று மணிக்கு எந்த ஆபீஸ் வாசல் டீக்கடையில் நின்றாலும் இந்த வசனம் காதில் விழும். "எங்க ஃபேமிலியே ஹார்ட்டு ஃபேமிலி சார். தாத்தா அதுலதான் போனாரு. அப்பாவுக்கு ரெண்டு ஸ்டென்ட். எனக்கும் வரத்தான் போவுது. வந்தா பாத்துக்கலாம்!"

சொல்லி முடித்ததும் ஆசாமி அடுத்த சிகரெட்டைப் பற்றவைப்பார். வயது முப்பத்து நாலு இருக்கும். வீட்டு லோன் இன்னும் பதினேழு வருஷம் பாக்கி. குழந்தை யு.கே.ஜி.

இந்தத் தாத்தா தியரி எவ்வளவு தூரம் நிஜம் என்று உட்கார்ந்து கணக்குப் போட்ட ஒரு டாக்டரைப் பற்றித்தான் இந்த வாரம்.

பெயர் சலீம் யூசுஃப். கேரளாவில் கொட்டாரக்கரைக்காரர். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மெடிக்கல் காலேஜில் டாக்டர் பட்டம். 1976-ல் ரோட்ஸ் ஸ்காலர்ஷிப் கிடைத்து ஆக்ஸ்ஃபோர்டு போனார். அங்கே இதயத்தோடு சேர்த்து எண்ணிக்கையையும் கற்றுக்கொண்டார். மாரடைப்போடு வருகிறவரை எந்த மருந்து காப்பாற்றும் என்பதை ஐம்பது, நூறு பேரை வைத்து முடிவு செய்ய முடியாது, ஆயிரக்கணக்கில் வேண்டும் என்று பெரிய பெரிய ஆய்வுகள் அப்போதுதான் அங்கே ஆரம்பமாயின. அதில் முன்வரிசையில் இருந்தார். பிறகு அமெரிக்கா. 1992-ல் கனடா, ஹாமில்டன் நகரத்து மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம்.

அட்டாக் வந்தபின் காப்பாற்றுவது, தீப்பிடித்தபின் ஃபயர் சர்வீஸைக் கூப்பிடுகிற மாதிரி. கட்டாயம் வேண்டும். ஆனால் யார் வீட்டில், ஏன் முதலில் பற்றிக்கொள்கிறது?

கனடாவில் இந்தக் கேள்வி நம்மவர்கள் பக்கம் திரும்பியது. டாக்டர் சோனியா ஆனந்த், யூசுஃப் முதலானோர் 2000-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அங்கே குடியிருக்கும் தெற்காசியர், ஐரோப்பிய வம்சாவளியினர், சீன வம்சாவளியினர் என்று மொத்தம் 985 பேர். எல்லோருக்கும் அதே குளிர், அதே ஆஸ்பத்திரி. ஆனால் இதயம், ரத்தக்குழாய் சம்பந்தப்பட்ட நோய் ஐரோப்பியருக்கு 5.4 சதவீதம், சீனருக்கு 2.4. நம்மவர்களுக்கு? ஏறக்குறைய 11.

"பாத்தீங்களா! நம்ம ரத்தமே அப்படி" என்று டீக்கடை ஆசாமி குதிப்பார். பொறுங்கள் சார், கதை முடியவில்லை.

2004-ல் வந்தது யூசுஃப் தலைமையிலான 'இன்டர்ஹார்ட்' ஆய்வு. 52 நாடுகள். முதல்முறை மாரடைப்பு வந்தவர்கள் சுமார் 15 ஆயிரம் பேர். அதே வயது, அதே பால், ஆனால் மாரடைப்பு வராதவர்கள் இன்னொரு 15 ஆயிரம். பி.காம். படித்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பேங்க் ரீகன்ஸிலியேஷன்தான்! இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த என்ட்ரியில் வித்தியாசம் என்று தேடுவது.

ஒன்பது என்ட்ரிகள் சிக்கின. புகையிலை, ரத்தத்தில் கொழுப்பு, பி.பி., சர்க்கரை, தொப்பை, மனஅழுத்தம், காய்-பழம் சாப்பிடாதது, உடம்பை அசைக்காதது, அப்புறம் மது. மாரடைப்பு அபாயத்தில் ஆண்களுக்கு 90 சதவீதம், பெண்களுக்கு 94 சதவீதம் இந்த ஒன்பதுக்குள் அடங்கிவிட்டது.

தினம் அஞ்சு சிகரெட்டுக்குள் நிறுத்திக்கொள்கிற 'கன்ட்ரோல்' பார்ட்டிகளுக்கும் அபாயம் சுமார் 40 சதவீதம் கூடுதல். மது விஷயத்தில் உலகக் கணக்கில் கொஞ்சம் லாபம் தெரிந்தது உண்மை. காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம். தெற்காசியக் கணக்கைத் தனியாக எடுத்துப் பார்த்தால் அந்த லாபத்தைக் காணோம்.

சரி, தாத்தா? அவரையும் விடவில்லை. குடும்பத்தில் இதயநோய் இருந்ததா என்பதைப் பத்தாவது ஐட்டமாகச் சேர்த்துப் பார்த்தார்கள். டோட்டல் 90-லிருந்து 91 ஆயிற்று. அவ்வளவுதான். ஒரே ஒரு பர்சென்ட்.

இதற்காக டாக்டரிடம் குடும்ப வரலாற்றைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். அப்பாவுக்குச் சின்ன வயதிலேயே வந்திருந்தால் பிள்ளைக்கு அபாயம் அதிகம்தான். ஆனால் வம்சம் கொடுக்கும் சொத்தில் பெரும்பங்கு பி.பி., சர்க்கரை, கொழுப்பு என்ற பாதை வழியாகத்தான் வந்து சேருகிறது. அந்தப் பாதையில் செக்போஸ்ட் போடலாம்.

அப்படியானால் நமக்கு மட்டும் ஏன் முந்திக்கொண்டு வருகிறது? இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், நேபாளம், இலங்கை ஆகிய ஐந்து நாட்டுக் கணக்கை மட்டும் பிரித்து 2007-ல் வெளியிட்டார்கள். முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது மற்ற நாடுகளில் 58.8. நம் பக்கம் 53. சராசரி என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். நாற்பதில் வந்தவரும் அதற்குள் ஒளிந்திருக்கிறார். காரணம்? அதே ஒன்பது பேர்தான். நம் வீட்டுக்குக் கொஞ்சம் சீக்கிரமாகக் கிளம்பி வந்துவிடுகிறார்கள்.

மாரடைப்பு வராத ஆரோக்கியசாலிகளையே பாருங்கள். ஓய்வு நேரத்தில் வேர்க்க விறுவிறுக்க உடம்பை அசைப்பவர்கள் மற்ற நாடுகளில் 21.6 சதவீதம். இங்கே 6.1. தினமும் காய், பழம் சாப்பிடுபவர்கள் அங்கே 45.2, இங்கே 26.5. இத்தனைக்கும் சைவச் சாப்பாட்டைப் பற்றி உலகத்துக்கே கிளாஸ் எடுக்கிற தேசம்! நமக்குக் காய் என்பது மலை மாதிரி சாதத்தின் ஓரத்தில் ஒரு ஸ்பூன் பொரியல். பழம் என்பது ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகும்போது வாங்கிப்போவது.

"நான் ஒல்லி சார், எனக்கென்ன?" என்பவர்களுக்கு ஒரு போட்டோ கதை. 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் இரண்டு டாக்டர்கள் சேர்ந்து நிற்கும் படம் வந்தது. ஒருவர் புனேயின் யாஜ்னிக், மற்றவர் லண்டனின் யுட்கின். இருவருக்கும் உயரத்துக்கு எடை விகிதம் ஒன்றேதான், 22.3. பார்வைக்கு இருவருமே ஒல்லி. உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று அளந்தார்கள். வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம். நம்ம ஆளுக்கு 21.2! கை கால் குச்சி, கொழுப்பெல்லாம் உள்ளே பதுக்கல். எடை மெஷினுக்கு இந்தப் பதுக்கல் தெரியாது. இடுப்பளவு காட்டிக்கொடுத்துவிடும்.

அதனால்தான் 2005-ல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இடுப்பளவுக்கு நமக்கென்று தனி எல்லை போட்டது. ஐரோப்பிய ஆணுக்கு 94 சென்டிமீட்டர். தெற்காசிய ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80. தொண்ணூறு என்றால் முப்பத்தைந்தரை இஞ்ச். "என் பேன்ட் சைஸ் முப்பத்து நாலுதான்" என்று தப்பிக்க முடியாது. பேன்ட் எங்கே நிற்கிறது? தொப்பைக்கு அடிவாரத்தில். டேப்பை வைக்க வேண்டிய இடம் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில். மூச்சை வெளியே விட்டபிறகு அளக்க வேண்டும். வயிற்றை எக்கினால் ஆட்டம் செல்லாது.

அளவு தாண்டியிருந்தால் ஒரு நாள் காலையில் வெறும் வயிற்றோடு போய் சர்க்கரை, கொழுப்பு, கூடவே பி.பி. பார்த்துவிட்டு, ரிப்போர்ட்டோடு டாக்டரைப் பாருங்கள். தாண்டாவிட்டாலும் முப்பதைத் தாண்டியவர்கள் பார்ப்பது நல்லது. இவை மூன்றும் சத்தம் போடாமல் ஏறுகிற வகை. சிகரெட்டுக்கு டெஸ்ட் வேண்டாம், குப்பைத்தொட்டி போதும். தினம் அரைமணி வேகநடை. தட்டில் சாதமும் காயும் இடம் மாற்றிக்கொள்ளட்டும்.

லோன் கட்டி முடிக்கிற அன்று பத்திரத்தை வாங்க பேங்குக்கு நீங்களே நடந்து போகவேண்டும். நாமினி போகக்கூடாது.

வீட்டில் தையல் மெஷின் டிராயரில் டேப் இருக்கும். "எதுக்கு?" என்று மனைவி கேட்டால் சும்மா பேன்ட் தைக்க என்று மழுப்பாதீர்கள். அவருக்கும் ஒரு 80 இருக்கிறது. இரண்டு பேரும் அளந்துகொள்ளுங்கள். யார் அதிகம் தாண்டியிருக்கிறாரோ, அவர் இந்த வாரம் முழுக்கக் காய் நறுக்கட்டும்!