கிடைக்குக் காவல் யாரு... காகேசியன் ஷெப்பர்டா, நம்ம கோம்பையா?

ரீல்ஸ்ல பிடரியோட சிங்கம் மாதிரி நிக்கிற காகேசியன் ஷெப்பர்டைப் பார்த்ததும், 'நம்ம தோப்புக்கும் ஒண்ணு வாங்கிடலாமா'னு தோணுதா? கொஞ்சம் பொறுங்க!

2024 மார்ச்சில் 23 நாய் இனங்களுக்குத் தடை விதிக்கச் சொல்லி, மாநிலங்களுக்கு மத்திய அரசு சுற்றறிக்கை அனுப்பியது. காகேசியன் ஷெப்பர்ட், துருக்கியின் கங்கால் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஏப்ரலிலேயே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆனா, பிரச்னை தீரலை.

இவை சொந்த ஊரில் மந்தை காக்கும் நாய்கள். குட்டியிலிருந்தே ஆடுகளோடு வளரும், அந்நியரை நம்பாது, யார் சொல்லுக்கும் காத்திருக்காமல் தானே முடிவெடுக்கும். அதே குணத்தைத் தஞ்சாவூர் வெயிலில் சங்கிலியால் கட்டிப்போட்டால்? பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத்தான் ஆபத்து.

டெல்டாவுக்குக் காவல் நாய் புதுசில்லை. சம்பா, தாளடி அறுவடை முடிஞ்சதும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து கீதாரிகள் வந்து, தரிசு வயலில் ஆட்டுக்கிடை போடுவாங்க. வயலுக்கு எரு, அவங்களுக்குக் கூலி. ராத்திரியில் நரியோ தெருநாயோ நெருங்கினால், முதலில் குரைப்பது கூடவே வந்த நாட்டு நாய்தான்.

வாங்கணும்னா இதைக் கவனிங்க. சிப்பிப்பாறை, கன்னி ரெண்டும் வேட்டைக்கு ஓடுற நாய்கள். காவலுக்குக் கோம்பை, ராஜபாளையம் பொருந்தும். வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிட்டுத்தன்மை வரலாம். கைதட்டிப் பார்த்துட்டு வாங்குங்க. எட்டு வாரக் குட்டியிலேயே ஆடுகளோடு பழக்குங்க. ரேபிஸ் தடுப்பூசியை மறந்துடாதீங்க.

ஆட்டைத் தன் கூட்டமா நினைக்கிற நாய்தான் கிடையைக் காக்கும். அந்த நினைப்பைக் காசு கொடுத்து வாங்க முடியாது... வளர்த்துத்தான் எடுக்கணும்!