ஒப்பாரிக்கு முன் ஒரு கடிதம்

மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்களின் ஒப்பாரியில் இறந்தவரை விளித்தே பேசுவார்கள். நன்றி, மன்னிப்பு, மனத்தாங்கல் எல்லாம் அதில் வந்துவிடும். கேட்க வேண்டிய காதுதான் இருக்காது. அந்தக் காது இருக்கும் நாட்களிலோ பேசுவதில்லை. நோய் முற்றி, இனிக் குணப்படுத்த முடியாது என்று மருத்துவர் சொன்ன பிறகு மிஞ்சும் வாரங்களை நம் வீடுகள் பெரும்பாலும் ஒளித்து வைப்பதிலேயே கழிக்கின்றன. 'அவருக்குத் தெரிய வேண்டாம்' என்கிறார்கள் வீட்டார். 'பிள்ளைகள் தாங்கமாட்டார்கள்' என்று வாயை மூடிக்கொள்கிறார் நோயாளி. அந்த வாரங்களில் இரு தரப்பும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுத வேண்டும். எழுதவைப்பது நோய் ஆதரவு சிகிச்சையின் ஒரு வேலையாக வேண்டும்.

சாவைப் பற்றி எழுதினால் உள்ள நம்பிக்கையும் போய்விடும், அது அபசகுனம் என்பார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. கனடா மனநல மருத்துவர் ஹார்வி சோச்சினோவ், நோயாளியைப் பேசவிட்டுப் பதிவுசெய்து, எழுத்தாக்கி, அவருக்கே படித்துக்காட்டி, குடும்பத்துக்குக் கொடுக்கும் முறையை உருவாக்கினார். அந்த முறையைப் பற்றி 2005-இல் வெளியான ஆய்வில் பங்கேற்ற 100 பேரில் 81 பேர் அது தம் குடும்பத்துக்கு உதவும் என்றார்கள். வாழும் விருப்பம் கூடியதாக 47 பேர் சொன்னார்கள். 2011-இல் வெளியான பெரிய ஒப்பீட்டு ஆய்வில், மன வேதனையின் அளவில் மற்றச் சிகிச்சைகளைவிட இது தனியாக எதையும் சாதிக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் தமக்கு உதவியதாகச் சொன்னவர்கள் இதில்தான் அதிகம். கடிதம் மருந்தாகாது, விட்டுப்போகும் பேச்சுக்கு ஒரு வழி, அவ்வளவே. அதில் சாவு என்ற சொல்லே வரவேண்டியதும் இல்லை.

எழுதத் தெரியாதவர் என்ன செய்வார் என்பது நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் தபால்காரரிடம் சொல்லிக் கடிதம் எழுதவைத்த ஊர்கள்தான் இவை. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஆதரவு சிகிச்சை வீட்டு வாசலுக்கே வருகிறது. செவிலியருக்கு நேரமில்லை என்றால், அவரோடு வரும் தன்னார்வலரோ பத்தாம் வகுப்புப் பேத்தியோ எழுதலாம். செயற்கைச் சுவாசம் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்க 2018-இல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. அந்தத் தாள் மருத்துவருக்கு. சொத்துக்கு உயில் இருக்கிறது. மகளிடம் கேட்க நினைத்த மன்னிப்புக்கும் ஒரு தாள் வேண்டும், அதைப் படித்துவிட்டு அவள் பதில் சொல்ல நாள் இருக்கும்போதே.