ஏகமனது என்னும் திரை

தேர்தலில் தோற்ற கட்சி முதலில் தேட வேண்டியது தலைவரையா, தோல்வியின் காரணத்தையா? வணிகத்தில் நட்டம் கண்டவன் முதலில் கணக்கேட்டைப் புரட்டுகிறான். அதன் பின்னரே கடைக்கு ஆள் மாற்றுவதைப் பற்றி எண்ணுகிறான். நம் நாட்டு அரசியற் கட்சிகளோ கணக்கேட்டைக் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டு மாலை வாங்க ஆளனுப்புகின்றன. பொதுக்குழு கூடுகிறது, தீர்மானம் வாசிக்கப்படுகிறது, கைகள் தட்டப்படுகின்றன, மறுநாள் நாளேடுகளில் "ஏகமனதாக" என்ற சொல் கொட்டை எழுத்தில் வருகிறது. அத்துடன் தோல்வி அடக்கம் செய்யப்பட்டுவிடுகிறது. இந்த ஏகமனதைத்தான் நாம் இங்கே எதிர்க்கின்றோம்.

தருமபுரி மாவட்டத்து ஏரியூரிலிருந்து இதனை எழுதுகின்றோம். பென்னாகரம் சட்டமன்றத் தொகுதிக்கு உட்பட்ட, மேட்டூர் நீர்த்தேக்கத்தை ஒட்டிய பகுதி இது. நாகமரைத் துறையில் படகேறினால் அக்கரையில் சேலம் மாவட்டத்துப் பண்ணவாடி. அதே சேலம் மாவட்டத்து எடப்பாடிதான் ஒரு பெருங்கட்சியின் தலைமையைத் தந்த ஊர். மற்றொரு கட்சியோ இம்மாவட்டத்தையே தன் கோட்டை எனக் கருதி வந்தது. எனவே இவ்விரு கட்சிகளின் தலைமைப் பூசலும் நமக்குச் சென்னைச் செய்தியன்று. அண்டை வீட்டுச் சச்சரவு. அண்டை வீட்டில் தீப்பிடித்தால் வாளியை எடுக்காமல் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பது அறிவுடைமை ஆகாது.

முதலில் அனைத்திந்திய அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தை நோக்குவோம். எம்.ஜி.ஆர். 1972ஆம் ஆண்டு தொடங்கிய அக்கட்சியின் விதிகளில் போற்றத்தக்க விதி ஒன்று உண்டு. பொதுச் செயலாளரை அடிப்படை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்க வேண்டும்; மற்ற விதிகளை மாற்றும் உரிமை பொதுக்குழுவுக்கு உண்டெனினும், இவ்வொன்றை மட்டும் மாற்றலாகாது என்பதே அவ்விதி. கிளையில் சுவரொட்டி ஒட்டுபவனுக்கும் தலைமையைத் தெரிவு செய்வதில் பங்கு உண்டு என்பது இதன் பொருள். அது நடைமுறைக்கு வந்ததா என்றால், ஜெயலலிதா அவர்களும் போட்டியின்றியே மீண்டும் மீண்டும் தேர்வு பெற்றார். வாக்குரிமை ஏட்டில் இருந்தது. வாக்குப்பெட்டிக்கு வேலை இல்லை.

அவர் 2016 டிசம்பரில் மறைந்தபின், 2017 செப்டம்பர் 12 அன்று கூடிய பொதுக்குழு அவரை நிரந்தரப் பொதுச் செயலாளர் என அறிவித்துவிட்டு, ஒருங்கிணைப்பாளர், இணை ஒருங்கிணைப்பாளர் என்று இரு பதவிகளைப் படைத்தது. 2019 மக்களவைத் தேர்தலில் தோல்வி. 2021 சட்டமன்றத் தேர்தலில் 66 இடங்களோடு ஆட்சி இழப்பு. அந்த ஆண்டில் நம் தருமபுரி மாவட்டத்தின் ஐந்து தொகுதிகளும் அக்கூட்டணிக்கே கிடைத்தன. இங்கே வென்றது எதனால், பிற மாவட்டங்களில் வீழ்ந்தது எதனால் என்று ஆராய இதைவிட நல்ல பாடம் வேண்டுமா? நடந்தது வேறு. 2021 டிசம்பரில் பழைய இருவரும் போட்டியின்றித் தேர்வாயினர். ஏழு திங்கள் கழியுமுன் அவ்விருவருமே பகைவராயினர். 2022 ஜூலை 11 அன்று வானகரத்தில் கூடிய பொதுக்குழு எடப்பாடி பழனிசாமி அவர்களை இடைக்காலப் பொதுச் செயலாளராக்கி, ஓ. பன்னீர்செல்வம் அவர்களை நீக்கியது. அன்றே இராயப்பேட்டைத் தலைமை அலுவலகத்தின் முன் கல்லும் கம்பும் பறந்தன. அதிகாரிகள் வந்து கதவுக்கு முத்திரை வைத்தனர். தோல்விக்குக் காரணம் கேட்க வேண்டிய தொண்டர்கள் ஒருவர் மண்டையை ஒருவர் உடைத்துக்கொண்டனர்.

அப்பொதுக்குழு பொதுச் செயலாளர் பதவியை மீட்டது; உறுப்பினர் வாக்குரிமையையும் ஏட்டில் வைத்தது. ஆனால் போட்டியிட விரும்புவோரைப் பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், பத்துப் பேர் வழிமொழிய வேண்டும், ஐந்தாண்டு தலைமைக் கழகப் பொறுப்பில் இருந்திருக்க வேண்டும் என்று வாயிலில் மூன்று தாழ்ப்பாள் இட்டது. மாவட்டச் செயலாளர்களின் பதவியோ தலைமையின் கையில். தலைமைக்கு எதிராக நிற்பவனை முன்மொழிய எந்த மாவட்டச் செயலாளர் முன்வருவார்? 2023 பிப்ரவரி 23 அன்று உச்சநீதிமன்றம் அப்பொதுக்குழு செல்லும் என்றது. மார்ச்சு 28 அன்று, வேட்பு மனு கொடுத்தவர் ஒருவரே என்பதால், அவரே பொதுச் செயலாளர் என அறிவிக்கப்பெற்றது. சட்டப்படி அதில் குற்றம் காண நாம் முற்படவில்லை. நீதிமன்றம் "செல்லும்" என்று சொல்வது வேறு. தொண்டன் "நம்புகிறேன்" என்று சொல்வது வேறு. முன்னதற்கு வழக்கறிஞர் போதும்; பின்னதற்கு வாக்குப்பெட்டி வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் அக்கட்சிக்கு ஓரிடமும் கிடைக்கவில்லை.

இனிப் பாட்டாளி மக்கள் கட்சி. 1989ஆம் ஆண்டு மருத்துவர் இராமதாசு தோற்றுவித்த அக்கட்சியில் 25 ஆண்டுகள் தலைவராயிருந்தவர் ஜி.கே. மணி. 2022 மே 28 அன்று அப்பொறுப்பு நிறுவனரின் மகன் அன்புமணி அவர்களிடம் சென்றது. 2024 மக்களவைத் தேர்தலில் கட்சி பத்துத் தொகுதிகளில் நின்று பத்திலும் தோற்றது. தருமபுரியில் தோற்ற வேட்பாளர் தலைவரின் துணைவியார். தோல்விக்குப் பின் கூடிய பட்டானூர்ப் பொதுக்குழுவில், 2024 டிசம்பர் 28 அன்று, எழுந்த பெரும் வாதம் யாது? இளைஞரணித் தலைவர் பதவி நிறுவனரின் மகள்வழிப் பேரருக்கு உண்டா, இல்லையா என்பதே. மேடையிலேயே தந்தையும் மகனும் மாறுபட்டனர். 2025 ஏப்ரலில் தந்தை தாமே தலைவர் என்று அறிவித்தார். அவ்வாண்டு ஆகஸ்டு 9 அன்று மாமல்லபுரத்தில் மகன் கூட்டிய பொதுக்குழு அவரது பதவிக் காலத்தை ஓராண்டு நீட்டித்தது. ஆகஸ்டு 17 அன்று பட்டானூரில் தந்தை கூட்டிய பொதுக்குழு தந்தையே தலைவர் என்றது. எட்டு நாள் இடைவெளியில் இரண்டு பொதுக்குழுக்கள். ஒவ்வொன்றும் தன்னைக் கூட்டியவருக்கே வாழ்த்துக் கூறிக் கலைந்தது!

நம் தொகுதியின் நிலையை எண்ணிப் பாருங்கள். 2016இல் பென்னாகரத்தில் போட்டியிட்டுத் தோற்ற அன்புமணி ஒரு பக்கம். 2021இல் இதே தொகுதியில் வென்ற ஜி.கே. மணி மறுபக்கம். ஏரியூர்த் தொண்டன் எப்பக்கம் நிற்பான்? அவனுக்கு ஏக்கம் வேறு. காவிரியின் உபரிநீர் மாவட்டத்து ஏரிகளுக்கு வாராதா, பிழைப்புக்காகப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பேருந்தேறும் பிள்ளைகள் ஊரிலேயே உழைத்துண்ண வழி பிறவாதா என்பதே அது. வீடு வீடாக வாக்குக் கேட்டு நடந்தவன் அவன். எந்தத் தெருவில் கதவு திறந்தது, எந்தத் தெருவில் சாத்தப்பட்டது என்பதை அறிந்தவனும் அவனே. தோல்வியின் காரணம் அவன் நாவில் இருக்கிறது. அவனைக் கேளாமல் தலைவரைத் தெரிவு செய்வது, நோயாளியைப் பாராமலே மருந்து எழுதுவதை ஒக்கும்.

"இது கட்சிகளின் உள்விவகாரம், உங்களுக்கு என்ன?" என்று கேட்போர் உளர். நாளை நம்மை ஆளப்போகும் ஒருவரை இன்று அடையாளம் காட்டுவது கட்சியே. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நாம் இடும் வாக்கு, கட்சிகள் முன்னரே தெரிந்தெடுத்து வைத்த பெயர்களுள் ஒன்றுக்கு இடும் வாக்கே ஆகும். முதல் தெரிவு மூடிய அறையில் நடக்குமானால், இரண்டாம் தெரிவு பாதி உயிரோடுதான் நம்மிடம் வந்து சேர்கிறது.

"வாக்கெடுப்பு வைத்தால் கட்சி பிளவுபடும்" என்பது அடுத்த வாதம். வாக்கெடுப்பு வையாமலே பிளவுபட்ட இரு கட்சிகளை மேலே காட்டினோம். எம்.ஜி.ஆர். மறைவுக்குப்பின் அ.தி.மு.க. இரண்டாகி, 1989 தேர்தலில் இரட்டை இலைச் சின்னத்தையும் இழந்து தோற்றது. அப்போது ஆண்டிபட்டியில் தோல்வியுற்ற ஜானகி அம்மையார் அத்தீர்ப்பை ஏற்று ஒதுங்கினார், கட்சி ஒன்றாயிற்று, சின்னம் மீண்டது, 1991இல் ஆட்சி வந்தது. எண்ணப்பட்ட வாக்கு பிளவை ஆற்றும் என்பதற்கு அக்கட்சியின் வரலாறே சான்று.

"உறுப்பினர்கள் தவறாகத் தேர்ந்தால்?" என்பர். தவறுவர்தாம். 2022இல் இங்கிலாந்தின் கன்சர்வேடிவ் கட்சி உறுப்பினர்கள் தெரிவு செய்த லிஸ் டிரஸ், பிரதமர் பதவியில் ஐம்பது நாள் அளவே நிலைத்தார். ஆயினும் அக்கட்சி உறுப்பினரின் வாக்குரிமையைப் பறித்துவிடவில்லை. 2024 ஜூலையில் 121 இடங்களாகச் சுருங்கிப் படுதோல்வி கண்டபின், நான்கு திங்கள் வாதிட்டு, உறுப்பினர் வாக்கினாலேயே புதிய தலைவரைத் தேர்ந்தது. கெமி பேடனாக் பெற்றவை 53,806. ராபர்ட் ஜென்ரிக் பெற்றவை 41,388. தோற்றவருக்கும் தம் ஆதரவு எவ்வளவு என்பது தெரிந்தது. வென்றவருக்கும் தம் எதிர்ப்பு எவ்வளவு என்பது தெரிந்தது. ஏகமனதில் இவ்விரண்டும் தெரிவதில்லை. நம் நாட்டுக் காங்கிரசும் 2019 தோல்விக்குப்பின் தலைவர் விலகி மூன்றாண்டுகள் தயங்கிய பின்னரே, 2022 அக்டோபரில் பேராளர் வாக்கெடுப்பு நடத்திற்று. கார்கே 7,897, சசி தரூர் 1,072. பேராளர் அளவில் நின்ற தேர்தல் அது. எனினும் எண்ணிக்கை வெளிவந்ததே ஒரு முன்னேற்றம்.

நம் மண்ணுக்கு இது புதுமையுமன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியவை. வாரியங்களுக்குக் குடவோலை வழி ஆள் எடுக்கும் விதிகள் அவற்றில் உள. 35 வயதுக்குமேல் 70க்குள் இருத்தல் வேண்டும். முன்பு பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவன் தகுதியற்றவன். அவன் உறவினரும் தகுதியற்றவர். நிலமுடைய அந்தணர் சபைக்கே உரிய ஏற்பாடு அது. எல்லார்க்கும் உரிய ஆட்சி அன்று. ஆயினும் கணக்குக் காட்டாதவன் குடத்தை அணுகலாகாது என்ற அறத்தை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நம் கட்சிகள் கற்கவில்லையே!

நம் வாசகர் நன்கறிந்த வரலாறும் இதனையே உரைக்கிறது. உஹதுப் போருக்குமுன் பெருமானார் (ஸல்) அவர்கள் தோழர்களிடம் மஷூரா செய்தார்கள். நகருக்குள் இருந்தே எதிர்ப்பதுதான் அவர்களின் விருப்பம்; வெளியே சென்று பொருதுவோம் என்றனர் பலர்; அதனையே ஏற்றுப் புறப்பட்டார்கள். களத்தில் பேரிழப்பு நேர்ந்தது. "உங்களைக் கேட்டதால் வந்த வினை, இனிக் கேளேன்" என்று சொல்ல அதுவே தருணம். அப்போர் குறித்து இறங்கிய ஆலஇம்ரான் அத்தியாயத்து வசனமோ அவர்களை மன்னிக்கவும், காரியங்களில் அவர்களோடு கலந்து ஆலோசிக்கவும் பணித்தது. தோல்விக்குப் பின்னும் ஆலோசனை தொடர வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று ஏது?

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மரணப் படுக்கையில் அறுவரைக் குறித்து, தம் மகன் அப்துல்லாஹ் கருத்துரைக்கலாம், பதவியில் அவருக்குப் பங்கில்லை என்று விதித்தார்கள். அவ்வறுவருள் ஒருவரான அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) தாம் போட்டியிலிருந்து விலகி, அதன் பின்னரே மதீனத்து மக்களைத் தேடிச் சென்று கருத்துக் கேட்டார்கள். தேர்தலை நடத்துபவர் வேட்பாளராக இருத்தலாகாது என்பதே அதன் படிப்பினை. அவ்வழி பின்னர் முடியாட்சியாக மாறிப்போயிற்று என்பதையும் நாம் மறைக்கவில்லை. நல்வழி எவ்வளவு எளிதில் கைநழுவும் என்பதற்கு அது எச்சரிக்கை.

ஆகவே தோற்ற கட்சி எதுவாயினும் நாம் வேண்டுவன இவை. தலைமைத் தேர்வுக்கு முன், தோல்விக்கான காரணங்களை ஒன்றியந்தோறும் கேட்டுத் தொகுத்து அச்சிட்டு வெளியிடுக. உறுப்பினர் பட்டியலைக் கிளை அலுவலகத்தில் எவரும் காணுமாறு வைத்திடுக. போட்டியிடாத பெரியோர் தேர்தலை நடத்துக. மாவட்டச் செயலாளரின் தயவின்றிச் சாதாரண உறுப்பினர் சிலர் முன்மொழிந்தாலே மனு ஏற்கப்படுக. வாக்கு மறைவாக அளிக்கப்பட்டு, எண்ணிக்கை வெளிப்படையாக அறிவிக்கப்படுக. தோல்விக்குத் தலைமை தாங்கியவரும் போட்டியிடட்டும். தம் கணக்கை வைத்துவிட்டுப் போட்டியிடட்டும்.

இதனைப் பிறர்க்கு உரைக்கும் நாம் நம் மஹல்லாக்களையும் நோக்க வேண்டும். முத்தவல்லி பொறுப்பு தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் ஊர்கள் எத்தனை? ஆண்டுக் கணக்கு வாசிக்குமுன்பே பழைய நிர்வாகம் "ஏகமனதாக" மீண்டும் அமரும் ஜமாஅத்துகள் எத்தனை? அமானிதம் என்பது பள்ளிவாசல் உண்டியலுக்கும் உண்டு, நாட்டின் கருவூலத்துக்கும் உண்டு. சிறிய பெட்டிக்குக் கணக்குக் கேட்டுப் பழகாதவன் பெரிய பெட்டிக்குக் கணக்குக் கேட்கத் துணியமாட்டான்.

ஆயிரம் பேர் கூடிய அவையில் ஒருவர் மனமும் மாறுபடவில்லை என்றால், அங்கே ஆயிரம் மனங்கள் ஒன்றுபட்டன என்று கொள்வதற்கில்லை. தொள்ளாயிரம் வாய்கள் அடைபட்டன என்றே கொள்ள வேண்டும். அவ்வாய்களைத் திறக்கும் கட்சி தோல்வியிலிருந்து எழும். திறவாத கட்சிக்குத் தலைவர் மாறலாம், தோல்வி மாறாது.