நன்றிக்கு உவமை நாய். நமக்கு உவமை எது?

தமிழில் நாய் என்ற சொல்லுக்கு வாய்த்த விதி விசித்திரமானது. ஒருவனைக் கேவலமாகத் திட்ட வேண்டுமாயின் நாய் என்கிறோம். ஒருவனுடைய நன்றியுணர்வை மெச்ச வேண்டுமாயின் அப்பொழுதும் நாயையே துணைக்கு அழைக்கிறோம். குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அதன் புத்தி போகாது என்று பழமொழி சொல்லிவிட்டு, அதே நாயை நம்பி வீட்டையும் வளவையும் ஒப்படைத்து உறங்கப் போகிறோம். மாணிக்கவாசகர் இறைவன் முன் தம்மைத் தாழ்த்திக்கொள்ள விரும்பிய வேளைகளில் தம்மை நாயாகவே சொல்லிக்கொண்டார். ஆனால் அதே சைவத்தில் வைரவருக்கு வாகனம் நாய். யாழ்ப்பாணத்தில் வைரவர் கோயில் இல்லாத ஊர் அரிது. உள்ளே வாகனத்தைப் பயபக்தியுடன் கும்பிட்டுவிட்டு வெளியே வருபவர், வாசலில் படுத்திருக்கும் உயிருள்ள வாகனத்துக்குக் கல்லெறிவதை நாம் எல்லோருமே கண்டிருக்கிறோம்.

பழைய நூல்கள் நாய்க்குக் குறை வைக்கவில்லை. நட்புக்கு யானையைப் போன்றவரைவிட நாயைப் போன்றவரே மேல் என்று நாலடியார் துணிந்து கூறியது. யானை தன்னைப் பேணிய பாகனுக்கே யமனாகலாம்; நாயோ தன்னைக் காயப்படுத்திய தலைவனிடத்தும் அன்பு மாறாது என்பது அதன் வாதம். மகாபாரதத்தின் இறுதியில், தன்னைத் தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டுச் சுவர்க்கம் புக முடியாது என்று தருமன் மறுக்கிறான். மகாவம்சத்தில் விஜயனின் ஆட்களில் ஒருவன் இலங்கைக் கரையில் ஒரு நாயைக் கண்டு அதன் பின்னால் போகிறான். நாய் இருக்குமானால் அருகில் ஊரும் இருக்கும் என்பது அவனது கணக்கு. அது நாயுருக் கொண்ட இயக்கி என்று கதை போகிறது. ஆனால் அவன் போட்ட கணக்கு சரியானது. நாய் நிற்கும் இடம் மனிதர் வாழும் இடம்.

நாயின் நன்றியைப் பற்றி இவ்வாறு ஈராயிரம் ஆண்டுகளாகப் பேசிவரும் நாம், நாய்க்கு நாம் செலுத்த வேண்டிய நன்றியைப் பற்றி மிகக் குறைவாகவே பேசியிருக்கிறோம். இக்கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் நாயின் நகைச்சுவையைச் சொல்ல வேண்டும். நாய்க்கு நகைச்சுவை உண்டா என்று கேட்பவர்கள் சார்ள்ஸ் டார்வினிடம் போகலாம். 1871 இல் வெளிவந்த மனிதனின் தோற்றம் பற்றிய தமது நூலில் அவர் இதைப் பதிவு செய்திருக்கிறார். எறிந்த தடியை எடுத்துச் செல்லும் நாய், சற்றுத் தூரத்தில் அதை நிலத்தில் வைத்துவிட்டு அதன் முன்னால் அமர்ந்துகொள்ளும். எசமான் எடுக்கக் குனியும் தருணம் பார்த்துச் சட்டெனக் கௌவிக்கொண்டு ஓடும். மீண்டும் வைக்கும், மீண்டும் ஓடும். இது வெறும் விளையாட்டு அன்று, பகிடி என்பதே டார்வினின் முடிவு. நாய் வளர்த்த எவரும் இதற்கு ஆராய்ச்சி கேட்க மாட்டார்கள். அவசரமாக வேலைக்குப் புறப்படும் நேரம் பார்த்து ஒற்றைச் செருப்புடன் வேலியோரம் நின்று வாலை ஆட்டும் நாயின் கண்களில் இருப்பதற்குப் பகிடி என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை.

நாயைப் பற்றிய நமது கணிப்புகளிலும் நகைப்புக்கு இடமுண்டு. குற்றம் செய்த நாயின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்போம். நியூயோர்க்கில் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்து 2009 இல் முடிவை வெளியிட்டார். தின்னக்கூடாது என்று விலக்கிய பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பது அந்த முகத்தைத் தீர்மானிக்கவில்லை. எசமான் ஏசினாரா இல்லையா என்பதே தீர்மானித்தது. குற்றமற்ற நாயும் ஏச்சு விழுந்தால் காதைத் தாழ்த்திக் கொண்டது. அதாவது நாயின் முகத்தில் நாம் கண்டது அதன் குற்றத்தை அன்று, நமது கோபத்தை.

எங்கள் வீட்டில் வீமன் என்றொரு நாய் இருந்தது. பெயர்தான் வீமன். வானில் குண்டுவீச்சு விமானத்தின் ஒலி எங்கள் காதில் விழுமுன்னரே அவனுக்கு விழுந்துவிடும். மறுகணம் வளவின் பதுங்குகுழிக்குள் முதலாவது ஆளாக இறங்கி, மண் இறுகிய நல்ல மூலையைப் பிடித்துக்கொள்வான். அவனது ஓட்டமே எங்களுக்கு அபாயச்சங்கு. “நாயோடை ஒரு கிடங்குக்குள்ளையோ நானும் கிடக்கிறது?” என்று ஆசாரம் பேசிய எங்கள் அப்பாச்சி, சில மாதங்களின் பின்னர் குழிக்குள் இறங்கியதும் முதலில் கேட்கும் கேள்வி “வீமன் வந்திட்டானோ?” என்பதாக மாறியது. ஆசாரத்தை வென்ற நாய்களின் பட்டியல் நீளமானது. விறாந்தையைத் தாண்டி நாயை உள்ளே விடாத அம்மாக்கள் ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் போய், சோபாவில் நாய் படுத்திருப்பதைக் கண்டு முதல் வாரம் முகம் சுளித்து, இரண்டாம் மாதம் மேசைக்குக் கீழால் இட்டலி கொடுப்பதாக அங்குள்ள நண்பர்கள் எழுதுகிறார்கள்.

இந்த அன்பு நமது கற்பனை மட்டுமன்று. நாயும் அதன் எசமானும் ஒருவரையொருவர் கண்ணோடு கண் நோக்கும்போது இருவர் உடலிலும் ஒக்சிரோசின் என்ற சுரப்பு கூடுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015 இல் வெளியிட்டார்கள். தாயையும் சேயையும் பிணைப்பது இதே சுரப்பே. மனிதர் வளர்த்த ஓநாய்களில் இந்த விளைவு காணப்படவில்லை. ஓநாயிலிருந்து பிரிந்து வந்த நாய், மனிதக் குழந்தை தாயைப் பிடிக்கும் அதே வழியால் நம்மைப் பிடித்திருக்கிறது.

விசுவாசத்துக்கு உலகம் காட்டும் உதாரணம் ஹச்சிகோ. டோக்கியோவில் பேராசிரியர் உவேனோ வளர்த்த அகிதா இன நாய் அது. மாலையில் சிபுயா ரயில் நிலையத்துக்குச் சென்று அவரை அழைத்துவரும். 1925 மே மாதம் பேராசிரியர் பல்கலைக்கழகத்திலேயே இறந்துபோனார். அவருடன் அது வாழ்ந்த காலம் ஒன்றரை வருடத்துக்கும் குறைவு. காத்திருந்த காலமோ பத்து வருடத்துக்குச் சற்றுக் குறைவு. 1935 மார்ச் 8 ஆம் திகதி அது இறந்தது. நிலையத்தில் கிடைத்த உணவுக்காகவே அது வந்தது என்று வாதிடுவோரும் உளர். இருக்கட்டும். ஆனால் அக்கதையில் பலர் கவனிக்காத பகுதி ஒன்றுண்டு. ஆரம்ப வருடங்களில் நிலையத்தில் இருந்தவர்கள் அந்த நாயைத் தொல்லையாகக் கருதி விரட்டினார்கள். 1932 இல் அசாஹி பத்திரிகையில் அதைப் பற்றிய செய்தி வெளிவந்த பின்னரே ஹச்சிகோ மதிப்புக்குரிய நாயாயிற்று. இரண்டு வருடங்களில் சிலையும் எழுந்தது. அந்தச் சிலையையும் யுத்தகாலத்தில் உலோகத் தேவைக்காக உருக்கிவிட்டு, 1948 இல் புதிதாகச் செய்து வைத்தார்கள். நாய் ஒரே நிலையில் இருந்தது. மாறி மாறி நடந்தவர்கள் மனிதர்கள்.

ஹச்சிகோவுக்கு எதிர்ப்பக்கத்தில் லைக்காவை வைத்துப் பார்க்க வேண்டும். மொஸ்கோ வீதியில் அலைந்து திரிந்த அந்த நாயை 1957 நவம்பர் 3 ஆம் திகதி சோவியத் ஒன்றியம் விண்வெளிக்கு அனுப்பியது. அதைத் திரும்பக் கொண்டுவருவதற்கு எந்த ஏற்பாடும் இருக்கவில்லை. பறப்புக்கு முன்னர் விஞ்ஞானி ஒருவர் அதைத் தமது வீட்டுக்குக் கொண்டுசென்று பிள்ளைகளுடன் விளையாட விட்டார். சாகப்போகும் நாய்க்கு ஏதேனும் ஒரு நன்மை செய்ய அவருக்குத் தோன்றியிருக்கிறது. லைக்கா பல நாட்கள் உயிருடன் இருந்ததாக உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. சில மணித்தியாலங்களிலேயே வெப்பத்தால் இறந்துவிட்டது என்ற உண்மை 2002 இல் வெளியாயிற்று. லைக்காவைப் பயிற்றுவித்தவர்களில் ஒருவரான ஒலெக் கசென்கோ, அந்த மரணத்தை நியாயப்படுத்தும் அளவுக்கு அப்பயணத்திலிருந்து எதையும் கற்கவில்லை என்று 1998 இல் வருந்தினார். கூண்டுக்குள் ஏறச் சொன்ன கையை நம்பி ஏறியது நாய். அந்த நம்பிக்கைக்கு நாம் கொடுத்த விடை அது.

தூரத்துக் கதைகள் போதும். வீமன் 1994 இல் முதுமையடைந்து இறந்தான். வளவில் மாமரத்தடியில் புதைத்தோம். அடுத்த வருடம் நிகழ்ந்ததைக் காணாமல் போனது அவனுடைய பாக்கியம்.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி மாலை, உடனே வெளியேறுமாறு வலிகாமத்தில் ஒலிபெருக்கிகள் அறிவித்தன. மழையில், இருட்டில், இலட்சக்கணக்கான மக்கள் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நெரிந்தார்கள். முதியவர்களைத் தூக்கிச் செல்லவே வழியற்ற அந்த இரவில் நாயை யார் நினைத்திருக்க முடியும்? மாட்டையும் நாயையும் கட்டவிழ்த்து விட்டுப் புறப்பட்டதே பலருக்குச் செய்ய முடிந்த ஒரே தருமம். சில நாய்கள் சனத்தின் காலிடுக்கில் வெகுதூரம் தொடர்ந்து வந்து நெரிசலில் தவறிப்போயின. எஞ்சியவை வெறும் வீடுகளின் படலைகளில் நின்றன. மகாவம்சத்து மனிதனின் கணக்குப் பொய்த்துப்போன நாட்கள் அவை. நாய்கள் இருந்தன, ஊர் இருக்கவில்லை. அடுத்த வருடம் திரும்பி வந்தவர்களில் சிலரை, கூரை போன வீட்டின் வாசலில் எலும்பும் தோலுமான நாய் வரவேற்றது. யுத்தத்தில் தாம் இழந்தவற்றைச் சொல்லும்போது கண் கலங்காத ஒரு முதியவர், அந்த நாய் தன்னை அடையாளம் கண்ட விதத்தைச் சொல்லும்போது கலங்கியதை நான் நேரில் பார்த்தேன்.

அந்த மக்களை எவரும் குறைகூற முடியாது. உயிர்தப்பி ஓடுபவனிடம் நாயின் கணக்கைக் கேட்பது மனிதத்தன்மை ஆகாது. ஆனால் எவரும் துரத்தாத காலத்திலும் நாம் நாய்களைக் கைவிடுகிறோம் என்பதே இங்கு சொல்லவேண்டிய விடயம்.

சந்தையின் பின்புறத்திலும் கோயில் வீதியிலும் பாடசாலை மதிலோரத்திலும் அதிகாலையில் வந்து சேரும் உரப்பைகளைக் கவனித்திருக்கிறீர்களா? அவற்றுள் இருப்பவை பெரும்பாலும் பெட்டைக் குட்டிகள். ஆண்குட்டிக்கு ஆள் வரும், பெட்டைக்கு வராது. கண் திறந்தும் திறவாத குட்டிகளைக் கோயிலடியில் விட்டுவிட்டு, கடவுள் பார்த்துக்கொள்வார் என்று போகிறவர்கள் கொடியவர்கள் அல்லர். நம்மைப் போன்ற சாதாரண மனிதர்களே. பிழைக்கும் குட்டிகள் கட்டாக்காலிகளாகின்றன. பின்னர் கட்டாக்காலிகளின் தொல்லை பற்றி நாமே பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிறோம்.

இரண்டாவது வகைக் கைவிடல் வெளிநாட்டுப் பயணத்தோடு வருவது. பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய்விட்ட வீட்டில் தாய் தந்தையருக்குக் காவலும் பேச்சுத்துணையும் நாயே. பிறகு ஒருநாள் தாய் தந்தையருக்கும் விசா வந்துவிடுகிறது. வீடு விற்கப்படுகிறது, தளபாடங்கள் பங்கிடப்படுகின்றன. நாய்க்கு மட்டும் எவரும் ஸ்பொன்சர் செய்வதில்லை. புதிதாகக் குடிவந்தவர் விரட்ட விரட்ட அது அதே படலைக்குத் திரும்பி வரும். சிபுயாவில் நின்றால் சிலை; நம்மூரில் நின்றால் கல்லடி.

விசர்நாய்க்கடியைப் பற்றிய அச்சம் நியாயமானது. கடிபட்டவருக்கு நோய் தலைகாட்டியபின் காப்பாற்றுவது அநேகமாக இயலாத காரியம். அதனாலேயே நெடுங்காலம் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றார்கள். 2006 இல் இலங்கை அரசு கொல்லாமைக் கொள்கையை ஏற்றது. ஆனால் கொல்லாமல் விடுவது மட்டும் கருணையாகிவிடாது. தடுப்பூசியும் கருத்தடைச் சத்திரசிகிச்சையும் இல்லாத கொல்லாமை, நாயைப் பசிக்கும் வாகனச் சில்லுக்கும் ஒப்படைக்கிறது. அந்த வேலை அரசுடையது, உள்ளூராட்சிச் சபைகளுடையது. தம் வீட்டு நாய்க்கு அவற்றைச் செய்விப்பது வளர்ப்பவருடையது.

அமெரிக்காவில் 2005 ஓகஸ்டில் கத்ரீனா சூறாவளி வந்தபோது, முகாம்களில் நாயை ஏற்க மாட்டார்கள் என்பதற்காக வீட்டை விட்டுப் போக மறுத்துத் தங்கியவர்கள் பலர். மறு வருடமே, வெளியேற்றத் திட்டங்களில் வளர்ப்புப் பிராணிகளையும் சேர்க்க வேண்டும் என்று அங்கு சட்டம் இயற்றப்பட்டது. யுத்தம், கடற்கோள், வெள்ளம் என்று எல்லா இடப்பெயர்வுகளையும் கண்ட நமக்கு இந்தச் சிந்தனை வருவதற்குக் காரணங்கள் குறைவில்லை.

ஜேர்மனியில் பொன் நகருக்கு அருகே ஒபர்காசல் என்ற இடத்தில் 1914 இல் ஒரு புதைகுழி கண்டெடுக்கப்பட்டது. ஆணும் பெண்ணும் அவர்களோடு ஒரு நாயும் ஏறக்குறைய 14,000 ஆண்டுகளுக்கு முன்னர் புதைக்கப்பட்ட குழி அது. அந்த நாய் ஏழு மாதக் குட்டி. அதன் பற்களை ஆராய்ந்தவர்கள் 2018 இல் ஒரு விடயத்தை வெளியிட்டார்கள். கடுமையான தொற்றுநோயால் அது வாரக்கணக்கில் துன்புற்றிருக்கிறது. யாரோ தண்ணீர் பருக்கி, துடைத்து, சூடாக வைத்துப் பராமரித்திராவிட்டால் அவ்வளவு நாள் உயிர் வாழ்ந்திராது. காவலுக்கும் வேட்டைக்கும் உதவாத நோயாளிக் குட்டியை, தமக்கே உணவு நிச்சயமில்லாத மனிதர்கள் பார்த்தார்கள். நன்றி நாயின் பக்கத்தில் மட்டும் இருந்ததில்லை என்பதற்கு அது சான்று.

நாய் வளர்க்கும்படி நான் எவரையும் கேட்கவில்லை. வளர்க்க முடியாதவர் வளர்க்காதிருப்பதும் நாய்க்குச் செய்யும் நன்மையே. ஆனால் ஒரு குட்டியை வீட்டுக்குள் எடுப்பவர், அதன் பன்னிரண்டு பதினைந்து வருட வாழ்வையும் சேர்த்தே எடுக்கிறார். பெட்டைக் குட்டி வேண்டாமென்றால் உரப்பையைத் தேடாமல் மிருக வைத்தியரைத் தேடட்டும். வெளிநாட்டிலிருந்து தாய் தந்தையரை அழைக்கும் பிள்ளைகள், வீட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பது என்று யோசிக்கும்போதே நாயை யாரிடம் கொடுப்பது என்றும் யோசிக்கட்டும். அதைப் பார்த்துக்கொள்ளும் அயலவருக்கு மாதம் ஒரு சிறு தொகை அனுப்புவது நம்மால் இயலாத செலவன்று. தருமன் சுவர்க்கத்தின் வாசலில் செய்ததை நம்மிடம் எவரும் எதிர்பார்க்கவில்லை. விமான நிலையத்துக்குப் புறப்படுமுன் செய்யக்கூடியதைச் செய்தால் போதும்.