மரபு நடைக்குப் பிறகு ஒரு பதிவேடு வேண்டும்

ஏப்ரல் 18 உலக மரபு நாளாகவும், நவம்பர் 19 முதல் 25 வரையிலான நாட்கள் உலக மரபு வாரமாகவும் ஆண்டுதோறும் கடைப்பிடிக்கப்படுகின்றன. அந்நாட்களில் தமிழகத்தின் பல ஊர்களில் மாணவர்களும் ஆர்வலர்களும் பழைய கோயில் ஒன்றுக்கோ கோட்டைக்கோ கூட்டமாகச் சென்று, கல்வெட்டு அறிந்தவர் ஒருவரின் விளக்கத்தைக் கேட்டு, குழுப்படம் எடுத்துக்கொண்டு திரும்புகின்றனர். மரபு நடை எனப்படும் இந்த வழக்கம் வரவேற்கத்தக்கதே. ஆயினும் தேனி மாவட்டத்தின் தேவாரம், போடிநாயக்கனூர் (போடி) போன்ற மலையடிவார ஊர்களுக்கு அது மட்டும் போதாது. இங்கே காக்க வேண்டியது தனியொரு கட்டடம் அன்று. மலையும் பாதையும் கண்மாயும் மேய்ச்சலும் பழைய தொழிற்கூடங்களும் ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் நிலப்பரப்பு முழுவதும் ஆகும். அப்படிப்பட்ட பரப்பை நடந்து பார்ப்பதோடு நிறுத்தாமல், பார்த்தவற்றை ஊராரே எழுதிப் பதிவேடாக்கி, உள்ளாட்சியின் தீர்மானமாகவும் நிறைவேற்ற வேண்டும்.

இந்த மலைச்சரிவின் வரலாற்றைச் சொல்லும் தடயங்கள் எளிதில் கண்ணில் படுவதில்லை. மூணாறு மலைத் தோட்டங்களின் தேயிலை, 1908 முதல் குண்டளைப் பள்ளத்தாக்கின் குறுகிய இருப்புப்பாதை வழியே டாப் ஸ்டேஷனுக்கு வந்தது. அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கி, பின் போடிக்குப் போய்ச் சேர்ந்தது. 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த மலை ரயிலை அடித்துச் சென்றது. அடுத்த சில ஆண்டுகளில், 1928-இல், மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர் கேஜ் பாதை திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அதன் தண்டவாளங்கள் பெயர்த்து எடுக்கப்பட்டு, 1950-களில் மீண்டும் பதிக்கப்பட்டன. 2010-இன் இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக நின்ற ரயில், 2023 ஜூன் மாதத்தில்தான் போடிக்குத் திரும்பியது. ரயில் மீண்டது குறித்து ஊர் மகிழ்ந்ததில் நியாயம் உண்டு. அந்தப் பாதையை இங்கே வரவழைத்த மலை வணிகத்தின் எச்சங்களைத் தேடி எழுதி வைப்பதே இனி ஆக வேண்டிய வேலை.

ஏலக்காயும் அவ்வாறே. தோட்டத்தில் பறித்த பச்சைக்காயை உலர்த்தும் கூடத்தைத் தொழிலாளர்கள் ஸ்டோர் என்றே சொல்கின்றனர். விறகு எரித்த வெப்பம் குழாய்களின் வழியே அறைக்குள் பரவ, தட்டுகளில் பரப்பிய காய், நிறம் வெளுக்காமல் ஏறத்தாழ ஒரு பகலும் ஓர் இரவும் உலர வேண்டும். பிறகு அது போடிக் கிட்டங்கிகளுக்கு வந்து, பெண்களின் கையாலும் சல்லடையாலும் தரம் பிரிக்கப்பட்டு ஏலத்துக்குப் போகிறது. உலர்த்தும் முறை மாறி, பழைய ஸ்டோர்கள் இடிக்கப்படும்போது, தொல்லியல் துறையின் எந்த விதியும் மீறப்படுவதில்லை. கோயிலும் கோட்டையும் மட்டுமே மரபு என்று பழகிய கண்ணுக்கு ஒரு புகைபோக்கி மரபாகத் தோன்றாது என்பதே காரணம்.

மரபு என்று ஒப்புக்கொள்ளப்பட்ட கட்டடங்களின் நிலையும் அத்தனை பாதுகாப்பானது அன்று. போடி ஜமீன் அரண்மனையில் இராமாயணக் காட்சிகளைக் கொண்ட சுவரோவியங்கள் உள்ளன. இத்தகைய ஓவியங்கள் சுண்ணாம்புப் பூச்சின் மீது தீட்டப்பட்டவை. சுண்ணாம்பை நீற்றி, நாட்கணக்கில் புளிக்கவைத்து, மணலுடன் அரைத்து, கடுக்காய் நீரும் கருப்பட்டி நீரும் சேர்த்துப் பூசுவது பழைய கொத்தர்களின் முறை. அந்தப் பூச்சு ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். விரிசல் கண்ட இடத்தில் நல்லெண்ணத்தோடு சிமென்ட் அடைத்தால், ஈரம் வெளியேற வழியின்றிச் சுவருக்குள் தங்கி, அதில் கரைந்த உப்பு ஓவியம் உள்ள பக்கமாகப் பூத்து வண்ணத்தை உதிர்த்துவிடும். திருப்பணி என்ற பெயரில் கோயில் கற்களின் மீது மணலைப் பீய்ச்சிக் கல்வெட்டுகளை மழுங்கடிப்பதும் இதே வகைத் தவறுதான். ஆகவே மரபு வாரத்தில் ஓர் உரையைக் குறைத்துக்கொண்டு, சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தரை அழைத்து உள்ளூர் இளைஞர்களுக்கு அரை நாள் செய்முறை காட்டச் சொன்னால், சுவர்களுக்கு அதனால் கிடைக்கும் நன்மை அதிகம்.

மக்கள் திரள்வதன் ஆற்றலையும் எல்லையையும் தேனி மாவட்டத்திலேயே ஒருசேரக் காணலாம். கூடலூருக்கு மேலே, தமிழக–கேரள எல்லையில், பெரியாறு புலிகள் காப்பகத்தின் காட்டுக்குள் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குச் சித்திரை முழுநிலவு நாளில் மட்டுமே மக்கள் செல்ல முடியும். குமுளியிலிருந்து ஜீப்பிலும், பளியன்குடியிலிருந்து கால்நடையாகவும் அன்று ஆயிரக்கணக்கானோர் ஏறுகின்றனர். அந்த ஒருநாள் கூட்டம் ஆண்டு தவறாமல் நடப்பதால்தான் பளியன்குடிப் பாதை முள்ளடர்ந்து மறையாமலும், ஊராரின் வழிபாட்டுரிமை மறக்கப்படாமலும் இருக்கின்றன. ஆனால் விழா கற்களைச் செப்பனிட்டுவிடவில்லை. இரு மாநில நிர்வாகங்களும் விழாவுக்கு முன்பாகக் கூடிக் குடிநீரையும் வாகனங்களையும் பற்றிப் பேசும் அக்கறையில் ஒரு பங்கு சிதைந்த கட்டுமானத்துக்கும் கிடைத்திருந்தால், கோயில் இன்றைய நிலையில் நின்றிராது.

தேவாரத்துக்கு அருகே பொட்டிப்புரத்தில் நிகழ்ந்தது இன்னொரு பாடம். அங்குள்ள மலையைக் குடைந்து ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் அமைத்து, நியூட்ரினோ என்னும் மிக நுண்ணிய துகளை ஆராயும் கூடம் நிறுவ, சுமார் 1,500 கோடி ரூபாய் மதிப்பிலான திட்டத்துக்கு மத்திய அரசு 2015 ஜனவரியில் ஒப்புதல் தந்தது. மக்கள் எதிர்த்தனர்; வழக்குகள் நடந்தன; 2017-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது; 2018-இல் மீண்டும் அனுமதி வழங்கப்பட்டது; 2022-இல் மாநில அரசு உச்ச நீதிமன்றத்திலேயே திட்டத்தை எதிர்த்தது. இத்தனை ஆண்டு வாதத்திலும் மதிகெட்டான் சோலைப் பூங்காவின் தொலைவும் புலிகளின் வழித்தடமும் பாறையின் உறுதியும் பெரிதாகப் பேசப்பட்டன. அவை பேசப்பட வேண்டியவையே. ஆனால் அந்த மலையடியில் மாடு மேய்த்தவர்கள், சாமி கும்பிட்டவர்கள், ஓடை நீரைக் கண்மாய்க்குத் திருப்பியவர்கள் ஆகியோரின் நெடுங்கால உறவு அந்த அளவுக்கு எடைபெறவில்லை. புலிக்கு வரைபடம் இருந்தது. மலைமாட்டுக் கிடைக்கு இல்லை.

மதுரை இதில் ஓரளவு முன்னே நிற்கிறது. யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் முயற்சிக்கு எழுந்த எதிர்ப்பை ஒட்டி, 2010-இல் எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் தொடங்கிய பசுமை நடை, மதுரை மக்களைச் சமணர் குன்றுகளுக்குத் தொடர்ந்து அழைத்துச் சென்றது. அந்தக் குன்றுகளுள் ஒன்று நிற்கும் அரிட்டாபட்டி, 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் அப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலத்தின் முடிவு வெளியானபோது, கிராம சபைகள் தீர்மானம் போட்டன. மக்கள் மதுரையை நோக்கி நடந்தனர். சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. சுரங்கத்தைத் தடுத்தது காகிதம் மட்டும்தான் என்று சொன்னால் அந்த மக்களின் உழைப்பைக் குறைத்ததாகும். ஆனால் 2022-இன் அறிவிக்கை கையில் இருந்ததால், அவர்கள் தங்கள் வாதத்தை அடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கவில்லை.

தேனி மாவட்டத்துக்கும் அந்த வழி அடைபட்டதன்று. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் ஒவ்வோர் உள்ளாட்சியிலும் மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. ஊரின் உயிரினங்களையும் அவை பற்றிய வழிவழி அறிவையும் குறித்துவைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு அந்தக் குழுவின் கடமை. அதே சட்டத்தின் கீழ்தான், உள்ளாட்சிகளைக் கலந்துகொண்டு மரபுத் தலங்களை அறிவிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. கட்டடங்களுக்கென 2012-இல் தமிழ்நாடு மரபுச் சின்ன ஆணையச் சட்டம் இயற்றப்பட்டு, பத்தாண்டுக்கு மேல் உறக்கத்திலிருந்து, 2024-இல் நடைமுறைக்கு வந்தது. பதிவேட்டைத் தீர்மானமாக்க, பொட்டிப்புரம் போன்ற ஊராட்சிகளுக்குக் கிராம சபை உண்டு. பேரூராட்சியான தேவாரத்திலும் நகராட்சியான போடியிலும் அது இல்லை என்றாலும், நகர்ப்புற உள்ளாட்சிகளுக்காக 2022-இல் கொண்டுவரப்பட்ட பகுதி சபை உண்டு.

மரபு என்று பேசத் தொடங்கினால் சாலை வராது என்ற அச்சம் தேவாரத்தில் எழக்கூடும். அது பொருளற்றது அன்று. தேவாரத்திலிருந்து, மலையேறிக் கேரளத்துக்குள் இறங்கும் கணவாயான சாக்குலத்து மெட்டு வரை சாலை வேண்டும் என்பது நெடுநாளைய கோரிக்கை. ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் கூலித் தொழிலாளர்கள் போடிமெட்டு வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ ஜீப்பில் நெருக்கியடித்துச் சுற்றிப் போகும்போது, பழைய நடைபாதையின் அழகைப் பற்றி அவர்களுக்கு எவரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. சாலை வேண்டுமா, எத்தனை அகலத்தில், எந்தத் தடத்தில் என்பவற்றை வனச்சட்டமும் மக்கள் தேவையும் சேர்ந்து முடிவு செய்யட்டும். பதிவேடு அந்த முடிவைத் தடுக்காது. எந்த ஊற்று, எந்தச் சுமைதாங்கிக் கல், எந்தச் சாமி இடம் வழியில் இருக்கிறது என்பதை முன்கூட்டியே சொல்லி, தடத்தைச் சற்றே விலக்க வாய்ப்புத் தரும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணி மலைத் தீயில் மலையேற்றத்துக்குச் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை இந்த வட்டாரம் மறக்கவில்லை. ஆகவே மலைச்சரிவில் நடத்தும் எந்த மரபு நடையும் சிறு குழுவாக, வனத்துறை அனுமதியுடன், கோடைத் தீக்காலம் தவிர்த்து, மலையறிந்த உள்ளூர்த் தொழிலாளியை ஊதியம் தந்து வழிகாட்டியாகக் கொண்டே நடக்க வேண்டும். அந்தக் கணக்கில் ஏப்ரலைவிட நவம்பர் வாரமே பொருத்தமானது. மழை விட்ட நாட்களில் நடந்து, டிசம்பரில் பதிவை எழுதி முடித்தால், ஜனவரி 26 கிராம சபையின் பொருள்பட்டியலில் அது இடம்பெறக் காலம் போதும். ஊராட்சிகள் அதற்கான அறிவிப்பிலேயே இந்தப் பொருளைச் சேர்க்க வேண்டும். மாவட்ட நிர்வாகம் பதிவேட்டுக்கான படிவத்தையும் சிறு நிதியையும் அதற்கு முன்பே வழங்க வேண்டும்.